அம்மாவுக்கு இம்பிளான்ட் பல்: மூன்று நாளில் கட்டுவதா, ஐந்து மாதம் பொறுப்பதா?

கேள்வி: சோழவந்தான் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. சோழவந்தானில் எங்களுக்குச் சிறிய வெற்றிலைக் கொடிக்கால் ஒன்று உண்டு. அப்பா காலமான பிறகும் அம்மாதான் ஆள் வைத்து அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் திருமணமாகி மதுரையில் இருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, பரணில் பல ஆண்டுகளாகக் கிடந்த அப்பத்தாவின் சிறிய இரும்பு உரலை அம்மா எடுத்துக் கழுவித் திண்ணையில் வைத்திருப்பதைக் கண்டேன். பல் போன பிறகு அப்பத்தா வெற்றிலை இடித்துப் போட்டுக்கொண்ட உரல் அது. அன்று முழுவதும் அம்மாவைக் கவனித்தேன். கரும்பில் ஒரு கணுகூட அவர் கடிக்கவில்லை. முறுக்கை ஒடித்துக் காபித் தம்ளருக்குள் போட்டு ஊறவைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். மறுநாள் கறிக்குழம்பில் சாற்றை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டுகளை என் மகனின் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

வாயைத் திறந்து காட்டச் சொன்ன பிறகுதான் நிலைமை எனக்குத் தெரிந்தது. கீழ்த்தாடையின் இடப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களும் இல்லை. சொத்தை முற்றியதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிடுங்கிவிட்டார்களாம். வலப்பக்கம் முதல் கடைவாய்ப்பல் எட்டு மாதங்களுக்கு முன் போயிற்று. அதற்குப் பின்னால் ஒரு பல் நன்றாக இருக்கிறது. கீழ் முன்பற்களில் இரண்டு சற்றே ஆடுகின்றன. மேற்பற்கள் எல்லாம் இருக்கின்றன. அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடைசியாக எடுத்த எச்.பி.ஏ.1.சி. என்னும் சர்க்கரைப் பரிசோதனையின் அளவு 8.6. வெற்றிலை பாக்கு நாள்தோறும் நான்கைந்து முறை போடுவார், புகையிலை சேர்ப்பதில்லை.

மதுரையில் இரண்டு இடங்களில் காட்டினோம். முதல் இடத்தில், மீதமுள்ள கீழ்ப்பற்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, அதே நாளில் தாடை எலும்பில் திருகி வைக்கும் எட்டு இம்பிளான்ட்களைப் பொருத்தி, மூன்றாம் நாள் கழற்றத் தேவையில்லாத பல்வரிசையைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். 3,25,000 ரூபாய் ஆகும் என்றும், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் குறைத்துக்கொள்வோம் என்றும் கூறினார்கள். இரண்டாம் இடத்திலிருந்த மருத்துவர், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், ஈறுக்குச் சிகிச்சை செய்வோம், பிறகு ஸ்கேன் எடுத்து எலும்பைப் பார்ப்போம், இடப்பக்கம் ஒன்றோ இரண்டோ இம்பிளான்ட் போதும், தொடங்கிய நாளிலிருந்து பல் கட்டி முடிக்க ஐந்து மாதமாவது ஆகும் என்றார். ஒன்றுக்கு, மேலே பல்லாக வைக்கும் கேப் உட்பட, 38,000 ரூபாய்.

அம்மா முதல் இடத்தையே விரும்புகிறார். வைகாசியில் என் தம்பிக்குத் திருமணம். சம்பந்தி வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதற்குள் பல் வேண்டும் என்கிறார். மூன்று நாளில் பல் கட்டுவது நம்பத் தகுந்ததா? நன்றாக உள்ள பற்களையும் எடுப்பது முறையா? இந்தச் சர்க்கரையோடும் வெற்றிலைப் பழக்கத்தோடும் இம்பிளான்ட் நிற்குமா? அல்லது கழற்றி மாட்டும் பல்லே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: மதுரைப் பல் மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். மதுரையில் இருபது ஆண்டுகளாகச் செயற்கைப் பல் பொருத்தும் துறையில் பணியாற்றி வருகிறேன். வாயைப் பார்க்காமலும் ஸ்கேன் இல்லாமலும் சிகிச்சையை முடிவு செய்ய இயலாது. ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்கிறேன். இந்த வாரம் முன்பணம் கட்டாதீர்கள். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஆடும் பற்கள் இரண்டு என்றால், அவை எந்த அளவுக்கு ஆடுகின்றன, ஈறைச் சுத்தம் செய்து சில வாரங்கள் விட்டால் இறுகுகின்றனவா என்று பார்த்த பிறகே அவற்றின் கதியை முடிவு செய்ய வேண்டும். ஆடாத பற்களை எடுப்பதற்கு, நீங்கள் எழுதியவற்றில் ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

ஐந்து மாதம் எதற்கு என்று அம்மா கேட்பார். இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கப்படும் டைட்டானியத் திருகு. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டும், அதற்கு மேல் கேப்பும் வரும். 1950களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் வைத்திருந்த டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்து எடுக்க முயன்றபோது, எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்து கழற்ற முடியாதபடி இறுகியிருந்ததைக் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அந்த முறையில் பற்களைப் பொருத்தினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவற்றைப் பயன்படுத்தினார். இன்று நாங்கள் செய்வதெல்லாம் அந்த ஒட்டுதலை நம்பித்தான்.

அந்த ஒட்டுதல் திருகிய அன்றே நிகழ்ந்துவிடாது. அன்று கிடைக்கும் பிடிப்பு, கட்டையில் திருகாணி பிடிப்பதைப் போன்ற இறுக்கம் மட்டுமே. அடுத்த சில வாரங்களில், துளையிட்டபோது நசுங்கிய எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றுகிறது. அந்த இடத்தில் புதிய எலும்பு பிறகே உருவாகிறது. ஆகவே மூன்றாம், நான்காம் வார அளவில் பிடிப்பு முதல் நாள் இருந்ததைவிடக் குறைந்திருக்கும். வலி இராது, வீக்கம் வடிந்திருக்கும், நோயாளி எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துச் சீடையைக் கடிப்பார். கடிக்கவே கூடாத காலம் அதுதான். கீழ்த்தாடைக்கு ஏறக்குறைய மூன்று மாதமும், எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடைக்கு நான்கு முதல் ஆறு மாதமும் பொதுவாகக் காத்திருப்பது இதனால்தான். உங்கள் கொடிக்காலில் அகத்தியை விதைத்து, அது வேர்பிடித்து நின்ற பிறகுதானே வெற்றிலைக் கொடியை அதன்மேல் ஏற்றிக் கட்டுகிறீர்கள்? அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். என் விளக்கத்தைவிட அது அவருக்கு எளிதில் விளங்கும்.

உடனடியாகப் பல் கட்டும் முறையே தவறு என்று நான் கூற மாட்டேன். தாடையின் வெளிப்புறத்தில் உள்ள கெட்டியான எலும்பைப் பிடிக்கும்படி பல இம்பிளான்ட்களைப் பொருத்தி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினால், ஒவ்வொன்றும் தனியே அசைய இயலாததால் சில நாட்களிலேயே பல்வரிசையை வைக்க முடியும். எல்லாப் பற்களையும் இழந்தவர்களுக்கு, திறமையான கைகளில், அது நன்மை செய்திருக்கிறது. ஆனால் அந்த முறைக்குப் பொருந்தும்படி நோயாளியின் வாயை மாற்றுவது என்னால் ஏற்க முடியாதது. உங்கள் அம்மாவுக்குப் போனவை மூன்று பற்கள். மூன்று பற்களுக்காக ஒரு தாடையையே காலி செய்ய வேண்டியதில்லை.

இடப்பக்கம் கடைசிப் பற்கள் இரண்டும் இல்லாததால், பின்னால் பிடித்துக்கொள்ளப் பல் கிடையாது. அங்கே, இருபுறமும் உள்ள பற்களைப் பிடித்துக் கட்டும் வழக்கமான பிரிட்ஜ் கட்ட முடியாது. இம்பிளான்ட்டுக்கு மிகப் பொருத்தமான இடம் அதுவே. இரண்டு பற்களுக்கும் தனித்தனியே வைக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் கடைவாய்ப்பல்லின் இடத்தில் ஒன்று வைத்தாலே பலருக்கும் மெல்லுவதற்குப் போதுமானதாக இருக்கிறது. வலப்பக்கம் கதை வேறு. அங்கே முன்னும் பின்னும் பற்கள் இருப்பதால் பிரிட்ஜ் கட்டலாம். ஆனால் அதற்காக அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்போ வேர் சிகிச்சையோ செய்யப்பட்டிருந்தால் பிரிட்ஜ் நல்ல தெரிவு. மாசுமறுவற்ற பற்களாக இருந்தால் அவற்றைத் தேய்க்க எனக்கு மனம் வராது.

ஸ்கேன் என்று அந்த மருத்துவர் கூறியது சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படமாக இருக்கும். அதைத் தவிர்க்காதீர்கள். பல் போன முதல் ஓராண்டில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி வரை குறைந்துவிடக்கூடும். அம்மாவுக்கு இடப்பக்கம் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மேலும், கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஒன்று ஓடுகிறது. இம்பிளான்ட்டின் நுனிக்கும் அதற்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட்டு வைக்க வேண்டும். நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்துப்போய், காபி குடிக்கும்போது வழிவதுகூடத் தெரியாமல் போகலாம். எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் நரம்பின் பாதையையும் சேர்த்துக் காட்டுவது அந்தப் படம்தான். கூடவே, எதிரே கடிபடப் பல் இல்லாததால் இடப்பக்க மேல் கடைவாய்ப்பற்கள் கீழே இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் கேப் வைக்க உயரம் போதாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் இம்பிளான்ட் நிற்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் பகை. 8.6 எனக்கு அதிகமாகத் தெரிகிறது. 7-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் நிம்மதியாகச் செய்யலாம். 8-க்கு மேல் இருக்கும்போது நான் ஒத்திவைத்துவிடுவேன். எச்.பி.ஏ.1.சி. என்பது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு என்பதால், இன்று தொடங்கினாலும் வைகாசியை ஒட்டித்தான் அதன் பலன் தெரியும்.

பாக்கைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூறுகிறேன். கொடிக்கால் வைத்திருப்பவரிடம் வெற்றிலையை விடுங்கள் என்று சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனால் பாக்கு வாயின் உட்சதையை நாராக இறுகச் செய்து, நாளடைவில் வாய் திறக்கும் அளவையே குறைத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. அம்மாவின் மூன்று விரல்களை அவரது மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நெடுக்காக வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்புறம் வெளிறிய பட்டைகள் தெரிந்தாலோ, பல்லுக்கு முன் அதைத்தான் கவனிக்க வேண்டும். கடைவாயில் துளையிடும் கருவி உள்ளே செல்லவே போதிய திறப்பு வேண்டும்.

இறுதியாக ஒரு கேள்வி. சர்க்கரை மாத்திரையைத் தவிர அம்மா வேறு என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார்? முழுப் பட்டியலையும் பார்த்து எழுதுங்கள்.

பதில் 2: திருமங்கலம் ஆசிரியர்

மருத்துவர் அம்மா எழுதியதற்குப் பிறகு நான் கூறுவதற்கு ஒன்றுமில்லை என்றாலும், இம்பிளான்ட் வைத்து ஒருமுறை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எனக்கு 71 வயது. ஓய்வு பெற்ற ஆண்டில் கீழ் வலப்பக்கக் கடைவாயில் ஓர் இம்பிளான்ட் வைத்துக்கொண்டேன். வைத்த இடத்தைக் குறை சொல்ல வேண்டும் என்பது என் நோக்கம் அல்லாததால் அதன் பெயரைக் கூறவில்லை. மூன்று ஆண்டுகள் மிக நன்றாக இருந்தது. என் சொந்தப் பற்களைவிட அதை நம்பித்தான் எலும்பைக் கடித்தேன். பிறகு பல் துலக்கும்போது அந்த இடத்தில் மட்டும் இரத்தம் வந்தது. வலி இல்லை. வலிக்காத பல்லுக்கு மருத்துவர் எதற்கு என்று ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டேன்.

ஈறிலிருந்து சீழ் வந்த பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றேன். எக்ஸ்ரேயில் இம்பிளான்ட்டைச் சுற்றிப் பாதி உயரத்துக்கு எலும்பே இல்லை. கேப்பை ஒட்ட வைத்த சிமெண்ட்டில் சிறிது ஈறுக்கு அடியில் வழிந்து அங்கேயே தங்கியிருந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கிருமி சேர்ந்து எலும்பை அரித்திருக்கிறது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். இம்பிளான்ட்டுக்கு அது இல்லாததால், கேடு வரும்போது வலி முன்கூட்டி அறிவிப்பதில்லை என்று அவர் விளக்கினார். கழற்றி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது, திருகின் மறைகளுக்கு இடையே வெற்றிலைச் சுண்ணாம்புப் பொருக்கைப் போல ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த அளவுள்ள பொருள் என் தாடையில் அத்தனை பெரிய பள்ளத்தைப் பறித்திருந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அந்த நாளில் எனக்குச் சிகரெட் பழக்கமும் இருந்தது. முதல் மருத்துவரிடம் அதைக் குறைத்துச் சொல்லியிருந்தேன். அதுவும் எலும்பைக் கெடுத்திருக்கிறது.

அதைக் கழற்றுவதற்குள் பட்ட பாடு தனி. இம்பிளான்ட் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றின் திருகுக்கும் ஏற்ற சாவி வேறு. எனக்கு வைத்தது எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று எழுதிய அட்டை எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. வைத்த இடத்துக்குச் சென்றபோது அது மூடப்பட்டிருந்தது. இரண்டாம் மருத்துவர் நான்கைந்து சாவிகளை வரவழைத்துப் பார்த்தே மேல் துண்டை எடுத்தார். ஆகவே மகளே, எங்கே செய்தாலும், பெட்டியின் மேல் உள்ள வரிசை எண் ஒட்டிய அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள். கேப்பை ஒட்டுகிறார்களா, திருகி மாட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். திருகி மாட்டினால் தேவைப்படும்போது கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

எலும்புத் தூள் வைத்து ஆறு மாதம் காத்திருந்து, சிகரெட்டை விட்டொழித்து, மறுபடியும் வைத்துக்கொண்டேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன். பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷால் ஒவ்வோர் இரவும் சுற்றிலும் துடைக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி: சோழவந்தான் மகள்

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கொடிக்கால் உவமையை அம்மாவிடம் கூறினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அகத்தி நிற்காமல் கொடி ஏற்றினால் முதல் காற்றுக்கே சாய்ந்துவிடும் என்று அவரே சொன்னார். முன்பணம் கட்டவில்லை.

மருத்துவர் அம்மா கேட்ட பிறகு ஊருக்குச் சென்று அம்மாவின் மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். சர்க்கரைக்கு இரண்டு, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று என எனக்குத் தெரிந்தவை போக, நான்கு மாத்திரைகள் மட்டும் கொண்ட ஓர் அட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் திண்ணையில் நேராக உட்கார்ந்திருப்பார். அதை நான் கால்சியம் மாத்திரை என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அட்டையில் அலென்ட்ரோனேட் என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு முறிந்தபோது, எலும்புத் தேய்வு இருப்பதாகக் கூறி எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தாராம். இரண்டு இடங்களில் காட்டியபோதும் நாங்கள் இதைக் கூறவில்லை. முதல் இடத்தில் மருந்துகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டாம் இடத்தில் கேட்டபோது, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும்தான் சாப்பிடுகிறார் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

விரல் வைத்துப் பார்த்தேன்; மூன்று விரல்களும் நுழைகின்றன, ஆனால் சற்று இறுக்கமாக இருக்கிறது. இந்த மாத்திரையால் இம்பிளான்ட்டே கூடாதா?

பதில் 3: மதுரைப் பல் மருத்துவர்

இந்த மருந்துக்காகத்தான் கேட்டேன், சகோதரி. நீங்கள் டப்பாவைக் கொட்டிப் பார்த்தது மிக நல்ல காரியம்.

அலென்ட்ரோனேட், எலும்பு தேய்வதைத் தடுக்கும் மருந்து. பழைய எலும்பை அரிக்கும் உயிரணுக்களின் வேலையை அது அடக்கிவைக்கிறது. இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காக்கும் அந்தச் செயலே, தாடையில் புண் ஏற்படும்போது, அது ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். அரிதாகச் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, ஈறு மூடாமல் வெளியே தெரியும் நிலை வருகிறது. புற்றுநோய்க்காக இவ்வகை மருந்தை உயர்ந்த அளவில் ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களிடம் அந்த ஆபத்து அதிகம். எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒரு மாத்திரை விழுங்குபவர்களிடம் மிகக் குறைவு. ஆகவே அம்மாவுக்கு இம்பிளான்ட்டே கூடாது என்று நான் கூறவில்லை. ஆனால் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இதனோடு சேரும்போது எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

இங்கே நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, அந்தத் தாடைக் கேட்டைப் பெரும்பாலும் தூண்டிவிடுவது பல் பிடுங்குதல்தான் என்பது. இந்த மருந்தைச் சாப்பிடுபவருக்கு, 8.6 சர்க்கரையோடு, ஒரே நாளில் கீழ்த்தாடைப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்காமல் செய்திருக்கக் கூடாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது எலும்பிலேயே பல ஆண்டுகள் தங்கும் மருந்து என்பதால் இரண்டு வாரம் நிறுத்துவதால் பெரிய பயன் இல்லை. நிறுத்தினால் இடுப்பு முறியும் அபாயம் வேறு. எலும்பு மருத்துவரிடம் சென்று, பல் சிகிச்சை நடக்கவிருப்பதைக் கூறி, எத்தனை ஆண்டுகள் கொடுத்தார், இனியும் தொடர வேண்டுமா என்று எழுதி வாங்கிவாருங்கள். அதை இரண்டாம் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கூறிய வரிசையே சரி: சர்க்கரை, ஈறு, ஸ்கேன், அதன் பிறகே இம்பிளான்ட். துளையிடும்போது உப்புநீரால் குளிர்வித்துக்கொண்டே மெதுவாகச் செய்வார்; எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சேதமடைந்துவிடும். மருத்துவர் நிதானமாகச் செய்தால் பதற்றப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதால் வலி இராது. பல் பிடுங்குவதைவிட இது எளிது என்றே பலரும் எழுந்திருக்கும்போது கூறுகிறார்கள்.

திருமணத்துக்கு வழி இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல் ஒன்றைச் செய்து தரச் சொல்லுங்கள். அளவெடுத்து மாட்ட ஒன்றிரண்டு வாரம் போதும். செலவும் சில ஆயிரங்களோடு முடியும். அதை வைத்துக்கொண்டு கரும்பு கடிக்க இயலாது. சோறும் குழம்பும் வேகவைத்த கறியும் நன்றாகவே மெல்லலாம். இம்பிளான்ட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கும் ஒரு துணையாக இருக்கும்.

பதில் 4: மேலூரிலிருந்து

எங்கள் மாமனாரின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். பணத்துக்கு அஞ்சி இந்தச் சிகிச்சையையே கைவிடுபவர்களுக்கு இது பயன்படலாம். அவருக்குக் கீழ்ப்பல் ஒன்றுகூட இல்லை. பல்செட் கட்டிக் கொடுத்தோம். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நின்றது, கீழ் செட்டோ நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பியது. கேழ்வரகுக் களியைக்கூட விழுங்கத்தான் முடிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பேராசிரியரின் மேற்பார்வையில் முதுநிலை மாணவர் ஒருவர் கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இம்பிளான்ட்களை வைத்தார். மூன்று மாதம் கழித்து, அதே பல்செட்டின் அடியில் குழிபோல் இரண்டு பிடிப்பான்களைப் பொருத்தினார்கள். சட்டைப் பொத்தானைப் போல அழுத்தினால் சொடுக்கென்று மாட்டிக்கொள்கிறது. இரவில் இழுத்துக் கழற்றிக் கழுவலாம். இது மலிவுக்காகச் செய்யும் அரைகுறைச் சிகிச்சையோ என்று என் கணவர் கேட்டபோது, 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பற்கள் முழுவதையும் இழந்த கீழ்த்தாடைக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ள வேண்டும் என்று அறிவித்திருப்பதாகப் பேராசிரியர் கூறினார். தனியார் இடங்களில் கேட்டதைவிடச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் பொறுமை வேண்டும். மொத்தம் பதினோரு முறை மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பேருந்தேறிச் சென்றுவந்தோம். பிடிப்பானுக்குள் உள்ள வளையம் தேய்ந்தால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு அதிகச் செலவில்லை. இப்போது அவர் களியோடு கருவாட்டையும் கடித்துக்கொள்கிறார்.

கேட்டவரின் மறுமொழி: சோழவந்தான் மகள்

மேலூர் அக்காவுக்கும் நன்றி. எலும்பு மருத்துவர், மூன்று ஆண்டுகள் ஆனதால் எலும்பின் அடர்த்தியை மறுபடி அளந்து பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடர்வதா என்று சொல்கிறேன் என எழுதிக் கொடுத்தார். அதை இரண்டாம் மருத்துவரிடம் காட்டினோம். முழுவதையும் படித்துவிட்டு, கோப்பின் மேல் சிவப்பு மையில் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டார். ஈறைச் சுத்தம் செய்யும் பணி முடிந்தது. ஆடிய இரண்டு பற்களில் ஒன்று இப்போதே இறுகிவருகிறது என்கிறார். சர்க்கரைக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். ஸ்கேனும் இம்பிளான்ட்டும் திருமணம் முடிந்து, ஆனியில் சர்க்கரை அளவைப் பார்த்த பிறகு. அம்மா பாக்கை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்திருக்கிறார். முற்றிலும் விடச் சொல்லி நானும் தம்பியும் நாள்தோறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கழற்றி மாட்டும் பல்லுக்கு நேற்று அளவெடுத்தார்கள். அதை எப்படிப் பாதுகாப்பது என்று மட்டும் கூறுங்கள்.

பதில் 5: மதுரைப் பல் மருத்துவர்

மிக்க மகிழ்ச்சி. இரவில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஈறுக்கு ஓய்வு தேவை. கழற்றியதைச் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூடியுள்ள கிண்ணத்தில் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும். வெந்நீரில் போட்டால் வளைந்து பொருந்தாமல் போகும். கழுவும்போது கீழே ஒரு வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிமெண்ட் தரையில் விழுந்தால் உடைந்துவிடும். முதல் வாரம் எங்காவது அழுத்திப் புண்ணானால் வீட்டில் அரம் போட்டுத் தேய்க்காமல் மருத்துவரிடமே எடுத்துச் செல்லுங்கள்; இரண்டு நிமிட வேலை. திருமணத்துக்கு மூன்று வாரம் முன்பே மாட்டிப் பழகத் தொடங்கினால், பந்தியில் உட்காரும்போது வாய்க்குள் ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தோன்றாது. தொடக்கத்தில் இட்லி, இடியாப்பம், பிறகு சோறு, அதன் பின் கறி.